ஆள் வேண்டாம், அடி மட்டும் போதும்

போன மாதம் சுந்தரேசன் சாருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ஒலிப்பதிவுத் தொழிலில் மூத்தவர் என்று பொன்னாடை, கேடயம், நாதஸ்வரம் எல்லாம் இருந்தது. அவரிடம் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எனக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி. மேடையில் ஒருவர் பேசினார்: "வடசென்னைக்கு முதல் சாம்ப்ளரைக் கொண்டுவந்தவர் நம்ம சார். அந்தப் பெட்டிக்கு உசத்தி தாழ்த்தி தெரியாது. கோயில் மணியும் சாவு மேளமும் அதுக்கு ஒண்ணுதான். எல்லாச் சத்தத்தையும் சமமாக்குன பெட்டி அது."

எல்லோரும் கை தட்டினார்கள். சார் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சத்தத்தைப் பிடித்து வைத்து, பட்டனைத் தட்டினால் திரும்ப ஒலிக்கும் அந்தப் பெட்டியை இயக்கியவள் நான். அதை எதற்காக வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். விழா முடிந்து வரப்போகும் மலருக்கு 'இனிய நினைவுகளாக' ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இனிப்பாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் வியாசர்பாடிக்காரி. பெயர் செல்வி. அப்பா துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை பார்த்தார். நான் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, டிவி ரிப்பேர் கடையில் சாலிடரிங் பிடித்து, டேப் மெஷின் ஒன்றைச் சரிபார்க்கப் போன இடத்தில் சுந்தரேசன் சார் கண்ணில் பட்டேன். தண்டையார்பேட்டையில் டோல்கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு லாரி பார்சல் கிடங்குக்கு மேல் முதல் மாடியில் அவருடைய ஸ்டுடியோ இருந்தது. சாமிப் பாட்டு கேசட்டுகள்தான் முக்கிய வேலை. ஆடி மாதம் பிறக்குமுன் அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு முன் ஐயப்பன் பாட்டு, நடுநடுவே கட்சிக் கூட்டத்துக்குப் பாட்டு. மெஷின் பார்க்க வந்தவள் கீபோர்டு பழகினேன், மிக்ஸிங் பழகினேன், அங்கேயே தங்கிவிட்டேன்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், "கண்ணு" என்ற சொல் கூடும். "இந்த இடத்தில சவுண்டு கொஞ்சம் அழுக்கா இருக்கு கண்ணு, சுத்தம் பண்ணிடு" என்பார். தினமும் காலையில் மிக்ஸர் போர்டைத் தன் கையாலேயே மெல்லிய துணியால் துடைப்பார். கூலி கொடுப்பதில் நியாயமானவர். பண்டிகைக்கு எல்லோருக்கும் துணி எடுத்துத் தருவார். அதனால்தான் ஊரெல்லாம் அவரை நல்லவர் என்றார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மன் கேசட்டுகளின் தாளம் மாறியது. மக்களுக்குத் தபேலா போதவில்லை, தெருவில் கேட்கிற பறை அடி வேண்டும் என்றார்கள். மற்ற கம்பெனிகள் பறை வாசிப்பவர்களை நேரே கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டன. எங்கள் சார் அந்த வருடம் கடன் வாங்கி ஜப்பானிலிருந்து வந்த சாம்ப்ளர் ஒன்றை வாங்கினார்.

அதன் அட்டைப்பெட்டியை நான் பிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "செல்வி, அந்த அடி நமக்கு வேணும். ஆனா அந்த வாத்தியம் இங்க வேணாம்மா."

"வாத்தியம் இல்லாம அடி எப்படி சார் வரும்?"

"அதுக்குத்தானே பெட்டி வாங்கியிருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஒரே ஒரு நாள் ஒருவரை வரவழைத்து ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பெட்டியில் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் கீபோர்டில் விரலை வைத்தால் பறை அடிக்கும். ஆள் வேண்டாம், அடி மட்டும் போதும்.

"ஏன் சார், அவங்களே வந்து வாசிக்கட்டுமே."

"இங்க சாமிப் பாட்டு எடுக்கிறோம். அது சாவு வீட்டுக்குப் போற சாமான். பாட வர்றவங்க மனசு கோணக்கூடாது பாரு."

"மிருதங்கமும் தோல்தான் சார்."

அவர் சிரித்தார். "நீ கெட்டிக்காரி கண்ணு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போர்டைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் நடக்கும் சாவுகளுக்கு வாசிக்க வருகிறவர் ஏழுமலை அண்ணன். புளியந்தோப்பு குடியிருப்பில் வீடு. பகலில் ராயபுரம் கிடங்குகளில் மூட்டை தூக்குவார். அவர் அடித்தால் கிழவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். கேசட்டில் வரும் என்றதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அவரை நேரே மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகச் சொன்னார் சார். அதுவும் பின்பக்க இரும்புப் படிக்கட்டு வழியாக. "தோலைச் சூடு பண்ண நெருப்பு மூட்டணும், மாடிதான் தோது" என்றார். அது உண்மையும்தான். அதனால் என் வாயை அடைக்க அவருக்கு வசதியாக இருந்தது. மைக்கை மேலே கட்டி, வயரை ஜன்னல் வழியாக இறக்கி, கீழே பெட்டியோடு இணைத்தேன். பதிவுப் பட்டனையும் ஹெட்போனையும் நீள வயரில் மாடியிலேயே என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று இன்று கணினியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. பெட்டியின் நினைவகம் மிகச் சிறியது. ஒரு அடியை அது முடியும் இடம் வரை ஒட்ட வெட்டினால்தான் அடுத்த அடிக்கு இடம் இருக்கும். முன்பக்கம் ஒரு துளி அமைதியை விட்டுவிட்டால் கீபோர்டைத் தட்டும்போது தாளம் பின்தங்கும். அதிகம் வெட்டிவிட்டால் குச்சி தோலில் விழுகிற அந்த முதல் கடி போய்விடும், அடி சப்பென்று இருக்கும். சத்தம் மீட்டரில் சிவப்பு விளக்கைத் தொட்டால் துணி கிழிந்த மாதிரி ஆகிவிடும், அதைச் சரிசெய்யவே முடியாது. மெல்லிய அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி என்று ஒவ்வொன்றையும் பலமுறை எடுக்க வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் காது கண்டுபிடித்துவிடும்.

பறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நெருப்பில் காட்டியதும் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆறினால் இறங்கும். அந்த இடைவெளிக்குள் எல்லா அடியையும் பிடித்தாக வேண்டும். கீழே நெடுஞ்சாலையில் எண்ணூர் போகிற கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஹாரன் அடித்தன. ஏழுமலை அண்ணன் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காட்டுவார், காதில் வைத்துத் தட்டிப் பார்ப்பார், நான் கை காட்டுவேன், அவர் அடிப்பார், லாரி ஹாரன் அடிக்கும். மறுபடியும் பேப்பர், மறுபடியும் நெருப்பு. மணலிப் பக்கமிருந்து ரசாயன நாற்றம் வேறு. மதியம் தாண்டியும் அந்த வெயிலில் நின்றார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஹெட்போனைக் கொடுத்தேன். தன் அடியைக் கேட்டுவிட்டு, "சோக்கா கீது. நம்ப அடியா இது?" என்று சிரித்தார். "இத்த எங்க வச்சிக்கினு போட்டுக்கினே இருப்பீங்க? காட்டு, பாக்கலாம்."

கீழே கூட்டி வந்தேன். ஸ்டுடியோ வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். வழியை மறித்து நின்றார் என்று சொல்ல முடியாது. கதவுநிலையில் சாய்ந்து நின்றார். "மேலயே இருங்க, டீ அனுப்புறேன்" என்றார் பணிவாக.

ஏழுமலை அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். "என் சவுண்டு உள்ள போச்சே சார். நான் போனா இன்னா?"

சார் சிரித்தபடியே நின்றார். நான், "சார், அவரை உள்ள விடுங்க" என்றேன். "செல்வி, கண்ணு, மேல வயரைச் சுருட்டு" என்றார். "உள்ள விடுங்க சார்" என்று மறுபடியும் சொன்னேன். அதற்குள் ஏழுமலை அண்ணன் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். "வுடு தங்கச்சி. நமக்கு இன்னா, புதுசா?"

அந்த ஆடியில் கேசட் பிய்த்துக்கொண்டு போனது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அம்மன் கோயில் உள்ள தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் அதுதான் பாடியது. அட்டையில் இசை: சுந்தரேசன் என்று இருந்தது. தாளம் யாருடையது என்று இல்லை. ஒருநாள் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். "நான் கோயில் வாசலாண்ட நிக்கிறன். உள்ள என் கை அடிச்சிக்கினு கீது. ஷோக்கு தான் போ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அவரோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

பிறகு அந்த மாடிச் சத்தம் எங்கும் பரவியது. ஃபிளாப்பியில் நகல் எடுத்து மற்ற ஸ்டுடியோக்கள் வைத்துக்கொண்டன. ஆறேழு வருடத்தில் அது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. பெரிய கேசட் கம்பெனி ஒன்று, இனி சிடியில் வரப்போகிறோம், புது சாம்ப்ளரில் புது அடி வேண்டும், அதுவும் அதே கை வேண்டும் என்று சாரிடம் வந்தது. சாருக்கு அது பெரிய வாய்ப்பு. அவர் தொழில் அப்போது இறங்குமுகத்தில் இருந்தது.

என்னைத்தான் அனுப்பினார். ஏழுமலை அண்ணன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "வர்றன். ஆனா முன் வாசல்ல வருவன். அந்த ரூம்புலதான் குந்துவன். சேர் போடணும். உன் மொதலாளி சரின்னா சொல்லு."

சாரிடம் வந்து அப்படியே சொன்னேன். துணியை மடித்து வைத்தார். "வரட்டும் செல்வி. காலம் மாறிப்போச்சு. நாமளும் மாறணும் இல்லையா?" என்றார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவரை நான் தவறாக நினைத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

ஏழுமலை அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். முன் வாசலில் செருப்பைக் கழற்றினார். சார் தள்ளி நின்று கும்பிட்டார். அறைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தோலைச் சூடு பண்ண மின்சார அடுப்பு ஒன்று கொண்டு வைத்திருந்தேன். ஹாரன் இல்லை, காற்று இல்லை. மூடிய அறைக்குள் அவர் ஓங்கி ஒரு அடி போட்டபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. என் வேலைக்காலம் முழுவதிலும் அதைப்போல ஒரு சத்தத்தை நான் பிடித்ததில்லை. சாருக்கே கண் கலங்கியது, நானே பார்த்தேன். முடித்ததும் ஏழுமலை அண்ணன் பிள்ளைமாதிரி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்குள்ளதான் கீறனா நான்?" என்று ஒவ்வொரு பட்டனாகத் தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குள் கால் வைத்தேன். தரை ஈரமாக இருந்தது. மஞ்சள் தண்ணீர். மூலைகளில் இன்னும் வடியாமல் தேங்கியிருந்தது. கற்பூர வாசனை. மைக் ஸ்டாண்டில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த நாற்காலியைக் காணவில்லை. தேடினேன். மொட்டை மாடியில், வெயிலில் கவிழ்த்துப் போட்டிருந்தது.

இறங்கி வந்தேன். சார் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் கழுவுனீங்க?"

"ஒரு திருப்திக்கு. நீ மனசுல வச்சுக்காத கண்ணு."

"நானும் வியாசர்பாடிதான் சார், அவங்க சனம்தான். இத்தனை வருஷமா இதே ரூம்ல உக்காந்திருக்கேன். நான் போனப்புறம் தினமும் கழுவுனீங்களா?"

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "சே, என்ன பேச்சு இது? நீ படிச்ச பொண்ணு. நீ வேற செல்வி."

நீ வேற. அந்த இரண்டு சொல்லை அவர் எனக்கு ஒரு பரிசுமாதிரி நீட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட என்றோ மறந்திருப்பேன்.

அங்கிருந்து நேரே பஸ் பிடித்துப் புளியந்தோப்புக்குப் போனேன். சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவருடைய சந்தோஷம் கெடாமல் இருந்திருக்கும். ஆனால் அது அவருடைய சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலியையும் சேர்த்து. ஏழுமலை அண்ணன் கேட்டார்: "பொட்டிலேந்து அத்த எட்த்துற முடியுமா?"

"அழிக்கலாம்ணா. நீங்க சொன்னா அழிப்பேன்."

"உன் வேல பூடுமே."

"நீங்க சொல்லுங்கண்ணா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, போலாம்."

நாங்கள் போனபோது கேசட் கம்பெனிக்காரர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சார் அவருக்குப் புது அடியைப் போட்டுக் காட்டத் தயாராக இருந்தார். ஏழுமலை அண்ணன் இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. காய்ந்தும் காயாமலும் இருந்த தரையில் நடந்து போய், முந்தின நாள் வாங்கிய கூலிக் கவரைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தார். "என் மோளத்த எட்த்துக்கினு போவ வந்தன் சார்" என்றார்.

"என்ன சார் இது?" என்றார் கம்பெனிக்காரர்.

"ஒண்ணுமில்ல, சின்ன மனஸ்தாபம்" என்றார் சார். "செல்வி, கண்ணு, அவரை வெளிய கூட்டிட்டுப் போ. அப்புறம் பேசலாம்."

நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க அதில் வழி உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை. முதல் அடியை ஸ்பீக்கரில் ஒருமுறை தட்டிக் காட்டினேன். அறை அதிர்ந்தது. அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அதே பட்டனை மறுபடி தட்டினேன். சத்தம் இல்லை. அடுத்த அடி. தட்டினேன், அதிர்ந்தது, அழித்தேன்.

"யோசிச்சுப் பண்ணு கண்ணு" என்றார் சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இறங்கியிருந்தது.

"ஏன் அழிக்கிறாங்க? சொல்லுங்களேன்" என்றார் கம்பெனிக்காரர்.

சாரால் அதைச் சொல்ல முடியவில்லை. செய்ய முடிந்ததை வாயால் சொல்ல முடியவில்லை. நான்தான் திரும்பாமலே சொன்னேன்: "நேத்து இவர் இங்க உக்காந்து வாசிச்சாரு சார். இவர் போனதும் மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. இவர் உக்காந்த சேரு மாடில கெடக்குது."

கம்பெனிக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அவருக்கு வெட்கமா, பயமா, வேறு ஸ்டுடியோ பார்க்கிற அவசரமா என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி நல்லதாகவும் எழுத மாட்டேன்.

கடைசி அடி வரைக்கும் அழித்தேன். நகல் வட்டையும் போட்டு அழித்தேன். ஏழுமலை அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டார். ஓங்கிய அடி போனபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

முன் வாசல் வழியாகத்தான் இறங்கினோம். கீழே லாரிகளுக்கு நடுவே நின்று அவர், "நல்லா வந்துச்சுல்ல அது?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா வந்துச்சுண்ணா" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

சார் என் மேல் போலீசுக்குப் போகவில்லை. பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த எல்லா ஸ்டுடியோவுக்கும் போன் செய்து, "நல்ல பொண்ணு, ஆனா அவ கையில எதையும் நம்பிக் கொடுக்க முடியாது" என்று சொல்லி வைத்தார். மறுபடியும் டிவி ரிப்பேர் கடையில் சாலிடரிங் பிடித்தேன். வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ எனக்குக் கதவைத் திறக்கப் பல வருடம் ஆனது. அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். இதையெல்லாம் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். என் ஆயுளில் பல வருடங்களை ஒருவர் மென்மையான குரலில் பிடுங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாடியில் எடுத்த அந்தப் பழைய சத்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறதாம். ஏழுமலை அண்ணன்தான் இல்லை. நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். அவர் மகள் அஞ்சலை இப்போது ஒரு குழு வைத்து வாசிக்கிறாள். கையில் அதே கடி.

இரண்டு வருடத்துக்கு முன் சார் எனக்குப் போன் செய்தார். அதே குரல்.

"செல்வி, நல்லா இருக்கியா கண்ணு? ஒரு கோயில் பாட்டு வந்திருக்கு. அன்னைக்கு ரூம்ல எடுத்தோமே, அந்த அடி. உன்கிட்ட எங்கயாவது ஒரு காப்பி இருக்குமா?"

"இல்ல சார். அவரும் இல்ல. அவர் பொண்ணு அதே மாதிரி வாசிக்கிறா. நம்பர் தரேன், எழுதிக்கங்க. கூப்பிட்டு ரூம்ல உக்கார வச்சு எடுங்க."

அவர் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அஞ்சலையை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். நான் கேட்பதில்லை, அவளே சொல்கிறாள்: "யாரும் கூப்டல அத்த."